வயிற்றில் புளியைக் கரைப்பது எது?

நாளைக் காலை கணக்குத் தேர்வு. தேற்றங்களை ஒருமுறை புரட்டிப் பார்க்கிறீர்கள். நேற்று வரை மனப்பாடமாக இருந்த ஒன்று இன்று நினைவுக்கு வர மறுக்கிறது. உள்ளங்கை வியர்க்கிறது. நாக்கு வறண்டுபோகிறது. நெஞ்சு படபடக்கிறது. வயிற்றில் யாரோ புளியைக் கரைக்கிறார்கள்!

என்ன வேடிக்கை பாருங்கள். தேர்வு எழுதப் போவது மூளையும் கையும். வயிற்றுக்கு அங்கே என்ன வேலை? அது ஏன் கலங்க வேண்டும்?

இந்தக் கேள்வியை வெறும் வேடிக்கை என்று விஞ்ஞானிகள் ஒதுக்கிவிடவில்லை. இதைப் பின்தொடர்ந்து சென்றவர்கள் நம் உடலைப் பற்றியும் மனத்தைப் பற்றியும் அரிய உண்மைகளைக் கண்டறிந்தார்கள். அவர்களுடைய ஆராய்ச்சிகளில் பலவற்றுக்கு உட்பட்டவர்கள் யார் தெரியுமா? மாணவர்கள்தாம்!

பூனையின் வயிற்றில் கண்டது

1895-ஆம் ஆண்டில் ராண்ட்ஜன் எக்ஸ் கதிர்களைக் கண்டுபிடித்தார். அதற்கு அடுத்த ஆண்டு அமெரிக்காவின் ஹார்வர்டு மருத்துவப் பள்ளியில் வால்டர் கேனன் என்ற இளைஞர் மாணவராகச் சேர்ந்தார். எக்ஸ் கதிரைக் கொண்டு உயிருள்ள விலங்கின் இரைப்பை வேலை செய்வதைப் பார்க்க முடியுமா என்று அவர் முயன்றார். உணவில் பிஸ்மத் உப்பைக் கலந்து பூனைக்குக் கொடுத்தார். எக்ஸ் கதிர் அந்த உப்பை எளிதில் ஊடுருவாது. ஆகவே உணவு சென்ற இடமெல்லாம் திரையில் நிழலாகத் தெரிந்தது. இரைப்பை அலை அலையாகச் சுருங்கி உணவைக் கடைவதை அவர் கண்ணாரக் கண்டார்.

ஆனால், சில வேளைகளில் அந்த அசைவு சட்டென்று நின்றுபோயிற்று. ஏன்? பூனை மிரண்டபோதும் சினந்தபோதும்தான் அப்படி நின்றது. பூனை அமைதியடைந்ததும் இரைப்பை மறுபடி கடையத் தொடங்கியது. மனக் கலக்கம் வயிற்றை நிறுத்தி வைக்கிறது என்பது இவ்வாறு கண்கூடாகத் தெரிந்தது.

இதற்குக் காரணம் என்ன? ஒரு விலங்கின் எதிரில் பகை விலங்கு வந்து நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று போரிட வேண்டும். அல்லது ஓட வேண்டும். இரண்டுக்கும் தசைகளுக்கு நிறைய இரத்தமும் சர்க்கரையும் ஆக்சிஜனும் தேவை. அந்த நேரத்தில் உண்ட சோற்றைச் செரிப்பதா அவசரம்? ஆகவே பரிவு நரம்புகள் விழித்துக்கொள்கின்றன. சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல் அமர்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகள் அட்ரீனலின் என்ற ஹார்மோனை இரத்தத்தில் கலக்கின்றன. இதயம் விரைந்து துடிக்கிறது. மூச்சுக்குழல்கள் விரிகின்றன. கல்லீரல் தான் சேமித்து வைத்த சர்க்கரையை வெளியிடுகிறது. இரைப்பைக்கும் குடலுக்கும் செல்லும் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. உமிழ்நீர் குறைகிறது, வியர்வை பெருகுகிறது.

புளியைக் கரைப்பது யார் என்று இப்போது புரிகிறதல்லவா? உங்களைக் காக்கப் புறப்பட்ட உங்கள் உடல்தான்!

ஆடாத ஆட்டக்காரர்கள்

'பூனைக்குப் பகை விலங்கு உண்டு. மாணவனுக்கு வினாத்தாள்தானே எதிரில் இருக்கிறது? அதற்குமா இந்தப் போர் ஆயத்தம்?' என்று நீங்கள் கேட்கலாம். கேனனுடைய ஆய்வுக் குழுவினரும் இதைச் சோதித்துப் பார்த்தார்கள்.

மருத்துவ மாணவர்கள் 9 பேரின் சிறுநீர் ஆராயப்பட்டது. சாதாரண நாட்களில் அவர்களில் எவர் சிறுநீரிலும் சர்க்கரை இல்லை. கடினமான ஒரு தேர்வு முடிந்தவுடன் பார்த்தபோது 4 பேரின் சிறுநீரில் சர்க்கரை காணப்பட்டது. எளிதான மற்றொரு தேர்வுக்குப் பின் ஒருவருக்கு மட்டுமே காணப்பட்டது.

1913-ஆம் ஆண்டு ஹார்வர்டு பல்கலைக்கழகக் கால்பந்துக் குழுவினர் 25 பேரை, பரபரப்பான இறுதி ஆட்டம் முடிந்தவுடன் சோதித்தார்கள். 12 பேரின் சிறுநீரில் சர்க்கரை இருந்தது. ஓடியாடியதால் வந்திருக்கும் என்று சொல்லத் தோன்றுகிறதா? பொறுங்கள். அந்த 12 பேரில் 5 பேர் அன்று ஆடவே இல்லை! மாற்று ஆட்டக்காரர்களாக ஓரத்தில் உட்கார்ந்து ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். தசை அசையவில்லை; மனம் மட்டும் ஆடியது. அதுவே கல்லீரலிலிருந்து சர்க்கரையை வெளியேற்றப் போதுமானதாக இருந்தது. 1915-இல் வெளியான தம் நூலில் கேனன் இவற்றை விவரித்திருக்கிறார்.

தகைவு என்னும் சொல்

இயற்பியல் பாடத்தில் ஒரு கம்பியில் எடையைத் தொங்கவிட்டால் அதனுள் தகைவு தோன்றும் என்று படிக்கிறீர்கள். இந்தச் சொல்லை உடலுக்குப் பயன்படுத்திப் புகழ் பெற்றவர் ஹான்ஸ் செலியே. வியன்னாவில் பிறந்த இவர் பிராக் நகரில் மருத்துவம் படித்தார். அங்கே நோயாளிகளைப் பார்த்தபோது, நோய்கள் வேறு வேறாக இருந்தும் எல்லா நோயாளிகளிடமும் பொதுவாகச் சில தளர்ச்சிக் குறிகள் இருப்பதைக் கவனித்தார். பிற்காலத்தில் கனடாவின் மான்ட்ரியால் நகரில் எலிகளை ஆராய்ந்தபோது அதே எண்ணம் உறுதிப்பட்டது. குளிர், காயம், அளவுமீறிய உழைப்பு, நச்சு மருந்து என்று எதைக் கொடுத்தாலும் எலிகளின் உடலில் ஒரே வகை மாறுதல்கள் நிகழ்ந்தன. அட்ரீனல் சுரப்பிகள் பெருத்தன. நோய் எதிர்ப்புக்கு வேண்டிய தைமஸ் சுரப்பி சுருங்கியது. இரைப்பையில் புண்கள் உண்டாயின. 1936-இல் 'நேச்சர்' இதழில் இதை வெளியிட்டார். இதையே இன்று நாம் மன இறுக்கம், உடல் இறுக்கம் என்றெல்லாம் சொல்கிறோம்.

செலியே மூன்று கட்டங்களைக் கூறினார். முதலில் அபாய அறிவிப்பு. அடுத்து எதிர்த்து நிற்றல். இறுக்கம் நீடித்தால் மூன்றாவதாகக் களைத்து ஓய்தல். இந்த மூன்றாவது கட்டமே நாம் அஞ்ச வேண்டியது.

புலி வந்தால் பத்து நிமிடத்தில் ஒரு முடிவு தெரிந்துவிடும். தேர்வு அப்படியா? மாதக் கணக்கில் நீடிக்கிறது. அதற்குப் பின் முடிவுக்காகக் காத்திருத்தல். அதற்கும் பின் எந்தக் கல்லூரியில் இடம் கிடைக்கும் என்ற கவலை. அட்ரீனலின் விரைந்து வந்து விரைந்து போகும் விருந்தாளி. ஆனால் இறுக்கம் நீண்டால் அட்ரீனல் சுரப்பியின் புறப்பகுதி கார்ட்டிசால் என்ற மற்றொரு ஹார்மோனைத் தொடர்ந்து சுரக்கிறது. இது அளவோடு இருந்தால் நன்மை. நாள் கணக்கில் மிகுந்திருந்தால் தூக்கம், நினைவாற்றல், நோய் எதிர்ப்பு எல்லாவற்றையும் அசைத்துப் பார்க்கும்.

ஆறத் தாமதித்த புண்

இதற்குச் சான்று வேண்டுமா? அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜானிஸ் கீகோல்ட்-கிளேசரும் அவருடைய சக விஞ்ஞானிகளும் 1998-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பல் மருத்துவ மாணவர்கள் 11 பேர் தாமாகவே முன்வந்தார்கள். அவர்களுடைய மேலண்ணத்தில் 3.5 மில்லிமீட்டர் அளவில் சிறு புண் ஒன்று உண்டாக்கப்பட்டது. கோடை விடுமுறையில் ஒரு முறை; பெரிய தேர்வுக்கு 3 நாள் முன்னதாக மறுமுறை.

அதே மாணவர், அதே வாய், அதே அளவுப் புண். ஆனால் தேர்வுக் காலத்தில் புண் ஆறுவதற்குச் சராசரியாக 3 நாட்கள், அதாவது நூற்றுக்கு 40 பங்கு கூடுதலாகப் பிடித்தது. விடுமுறையில் ஆறிய அளவு விரைவாகத் தேர்வு நேரத்தில் ஒருவருக்குக்கூட ஆறவில்லை. 11 பேரைக் கொண்ட சிறிய ஆய்வுதான் இது. எனினும் முடிவு ஒருமுகமாக இருந்ததைக் கவனியுங்கள். 'கவலை எல்லாம் வெறும் மனப்பிரமை' என்று இனி யாராவது சொன்னால், இந்த 11 பேரின் அண்ணத்தை அவருக்கு நினைவூட்டுங்கள்!

ஒரே உடல், பல மொழிகள்

அட்ரீனல் சுரப்பி எல்லா நாட்டு மக்களுக்கும் ஒன்றே. ஆனால் அது எழுப்பும் கலக்கத்தை மக்கள் உணரும் விதமும் சொல்லும் விதமும் ஒன்றல்ல. நாம் புளியைக் கரைக்கிறோம். ஆங்கிலேயர்கள் வயிற்றுக்குள் வண்ணத்துப்பூச்சிகள் பறப்பதாகச் சொல்கிறார்கள்!

ரேமண்ட் பிரின்ஸ் என்ற கனடா நாட்டு மனநல மருத்துவர் நைஜீரியாவில் பணியாற்றினார். அங்கே மாணவர்கள் பலர் ஏறத்தாழ ஒரே மாதிரியான தொல்லைகளுடன் அவரிடம் வந்தார்கள். புத்தகத்தைத் திறந்தால் தலை எரிகிறது, தலைக்குள் ஏதோ ஊர்கிறது, எழுத்துகள் மங்குகின்றன, படிப்பது மண்டையில் ஏறவில்லை. கவலை, துயரம் என்ற சொற்களை அவர்கள் பெரிதாகச் சொல்லவில்லை. மூளை களைத்துவிட்டது என்ற பொருளில் 'பிரெய்ன் ஃபேக்' என்றார்கள். 1960-இல் பிரின்ஸ் அதே பெயரில் இதை மருத்துவ உலகுக்கு அறிவித்தார். இது ஆப்பிரிக்க மாணவர்களுக்கே உரிய நோய் என்று பல ஆண்டுகள் கருதப்பட்டது. பிற்கால ஆராய்ச்சியாளர்கள் பழைய ஏடுகளைப் புரட்டியபோது ஒரு வியப்பு காத்திருந்தது. 19-ஆம் நூற்றாண்டில் பிரிட்டனிலேயே படித்தவர்களும் மூளை உழைப்பாளிகளும் இதே சொல்லைத் தங்களுக்குப் பயன்படுத்தியிருந்தார்கள்! சொல் கப்பலேறிச் சென்றிருக்கிறது. இன்று பிரிட்டனில் அந்தச் சொல் மறைந்துவிட்டது. நைஜீரியாவிலும் மறைந்து வருகிறது. ஆனால் படிப்பின் சுமையால் வரும் துன்பம் மறைந்துவிடவில்லை.

சீனாவுக்கு வருவோம். அங்கே பல்லாண்டுகளாக வழங்கிய பெயர் 'ஷென்ஜிங் ஷுவாய்ரூ'. நரம்புகளின் வலுக்குறைவு என்பது பொருள். நம் ஊரிலும் நரம்புத் தளர்ச்சி என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1980-இல் அமெரிக்க மருத்துவர் ஆர்தர் கிளைன்மன், ஹூனான் மருத்துவக் கல்லூரியில் இந்தப் பெயரில் சிகிச்சை பெற்ற 100 நோயாளிகளை ஆராய்ந்தார். அவர்கள் கூறியவை தலைவலி, தூக்கமின்மை, தலைசுற்றல் போன்றவை. பொறுமையாகப் பேசிப் பார்த்தபோது, அவர்களில் 87 பேருக்குக் கடுமையான மனச்சோர்வு நோயின் குறிகள் இருந்தன. மருந்தினால் பலருக்கு உடல் தொல்லைகள் குறைந்தன. ஆனால் குடும்பத்திலும் வேலையிலும் இருந்த துன்பங்கள் தீராதவர்கள் முழுமையாகத் தேறவில்லை.

இதிலிருந்து நமக்கு ஒரு பாடம் உண்டு. உங்கள் நண்பன் அடிக்கடி 'தலை வலிக்கிறது, வயிறு சரியில்லை' என்று வகுப்புக்கு வராமல் இருந்தால், அவன் சாக்குச் சொல்கிறான் என்று உடனே முடிவு கட்டாதீர்கள். வலி உண்மையாகவே இருக்கலாம். அதன் வேர் மட்டும் வேறிடத்தில் இருக்கலாம்.

சமாளிக்கும் வழி ஒன்றா, பலவா?

கலிபோர்னியாவின் பெர்க்லி நகரில் ரிச்சர்ட் லாசரஸ், சூசன் ஃபோக்மன் என்ற இரு உளவியலறிஞர்கள், 108 கல்லூரி மாணவர்கள் ஒரு தேர்வை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று ஆராய்ந்து 1985-இல் எழுதினார்கள். தேர்வுக்கு முன், தேர்வு முடிந்து மதிப்பெண் வருவதற்கு முன், மதிப்பெண் வந்த பின் என்று மூன்று முறை கேள்விகள் கேட்டார்கள்.

தேர்வுக்கு முன் மாணவர்கள் பெரும்பாலும் சிக்கலையே நேரில் பிடித்தார்கள். திட்டமிட்டார்கள், படித்தார்கள். தேர்வு முடிந்த பின்? இனிப் படித்து ஆவதொன்றுமில்லை. அப்போது அதை மனத்திலிருந்து சற்றுத் தள்ளி வைத்தார்கள். ஆகவே சமாளிப்பு இரண்டு வகை. நிலைமையை மாற்ற முயல்வது ஒன்று. நிலைமையால் எழும் உணர்ச்சியை ஆற்றிக்கொள்வது மற்றொன்று. மாற்றக்கூடியதை மாற்றவும், மாற்ற முடியாததைத் தாங்கவும் தெரிய வேண்டும். எந்த நேரத்துக்கு எது என்று அறிவதே திறமை. தேர்வுக்கு முதல் நாள் அதை மறந்து திரைப்படம் பார்ப்பதும், எழுதி முடித்த வினாத்தாளை எடுத்து வைத்துக்கொண்டு இரவெல்லாம் வருந்துவதும் இடம் மாறிய மருந்துகள்.

சொல்லாமலே கிடைக்கும் துணை

துணையைத் தேடுவதிலும் பண்பாடு புகுந்து விளையாடுகிறது. ஷெல்லி டெய்லர், ஹீஜங் கிம் முதலிய அறிஞர்கள் அமெரிக்காவில் ஐரோப்பிய வழி வந்தவர்களையும் ஆசிய வழி வந்தவர்களையும் ஒப்பிட்டார்கள். துன்பம் வந்தால் பிறரிடம் வாய்விட்டு உதவி கேட்பது ஆசிய வழியினரிடம் குறைவாக இருந்தது. ஏன்? 'என் கவலையைச் சொல்லி அவர்களையும் ஏன் வருத்த வேண்டும்?' என்ற எண்ணமே முக்கியக் காரணம். வீட்டில் அம்மா வருந்துவாரே என்று மதிப்பெண்ணை மறைத்த அனுபவம் உங்களில் சிலருக்கு இருக்குமே!

2007-இல் வெளியான ஆய்வில் இதே அறிஞர்கள் இன்னும் ஒருபடி சென்றார்கள். மனக்கணக்கும் மேடைப் பேச்சும் கொடுத்து மாணவர்களைத் திணறச் செய்தார்கள். அதற்கு முன், சிலர் தமக்கு நெருங்கியவர்களிடம் அறிவுரையும் உதவியும் கேட்டுக் கடிதம் எழுதினார்கள். வேறு சிலர் தாம் அன்பு கொண்டுள்ள குழு ஒன்றை மனத்தில் நினைத்து அதைப் பற்றி எழுதினார்கள். உதவி எதுவும் கேட்கவில்லை. பிறகு உமிழ்நீரில் கார்ட்டிசால் அளக்கப்பட்டது. ஐரோப்பிய வழியினருக்கு, உதவி கேட்டு எழுதியது கூடுதல் பயன் தந்தது. ஆசிய வழியினருக்கோ, தம்மவர்களைச் சும்மா நினைத்துக்கொண்டதே கூடுதல் பயன் தந்தது!

தெருத் திண்ணையில் நண்பர்களோடு கதை பேசிவிட்டு வந்தால் மனம் இலேசாகிறதே, அங்கே உங்கள் கவலையைப் பற்றி ஒரு சொல்கூடப் பேசியிருக்க மாட்டீர்கள். அதுவும் மருந்துதான். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. சிறு காய்ச்சலுக்குக் கஷாயம் போதும். பெரிய காய்ச்சலுக்கு மருத்துவர் வேண்டும். பேசாத துணை போதாத நேரமும் உண்டு.

எப்போது பேசியே ஆக வேண்டும்?

8 நாடுகளில் 19 பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த 13,984 முதலாண்டு மாணவர்களிடம் நடத்திய ஆய்வின் முடிவு 2018-இல் வெளிவந்தது. மனச்சோர்வு, மட்டுமீறிய பதற்றம், போதைப் பழக்கம் போன்ற மனநலச் சிக்கல்களில் ஏதாவது ஒன்றின் அறிகுறிகளாவது நூற்றுக்கு 35 பேருக்கு வாழ்வில் எப்போதோ இருந்திருக்கின்றன. அவை பெரும்பாலும் எப்போது தொடங்கின தெரியுமா? கல்லூரியில் அல்ல, பதின்பருவத்தின் தொடக்கத்திலும் நடுவிலும்! அதாவது உங்கள் வயதில். ஆகவேதான் கல்லூரி மாணவர்களின் கதையைப் பள்ளி மாணவர்களாகிய உங்களுக்குச் சொல்கிறோம்.

தேர்வுக்கு முதல் நாள் வரும் படபடப்பு நோயல்ல. ஆனால் இரண்டு வாரத்துக்கு மேலாகத் தூக்கமோ பசியோ கெட்டிருந்தால், பிடித்த விளையாட்டும் நண்பர்களும் கசந்துபோனால், அழுகை அடிக்கடி முட்டிக்கொண்டு வந்தால், வாழ்வதே வீண் என்று ஒரு கணம் தோன்றினாலும்கூட, அதை மறைத்து வைக்காதீர்கள். நம்பிக்கைக்கு உரிய ஒருவரிடம் உடனே சொல்லுங்கள். அம்மாவோ அப்பாவோ, அத்தையோ மாமாவோ, ஆசிரியரோ, யாராக இருந்தாலும் சரி. வீட்டாரிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால் இந்திய அரசின் 'டெலி மானஸ்' சேவை இருக்கிறது. 2022 அக்டோபர் 10-ஆம் நாள் தொடங்கப்பட்ட இதன் தொலைபேசி எண் 14416. கட்டணமில்லை, பகலிலும் இரவிலும் தமிழிலேயே பேசலாம். கால் முறிந்தால் எலும்பு மருத்துவரிடம் போவதற்கு எவரும் வெட்கப்படுவதில்லை. இதற்கு மட்டும் வெட்கம் எதற்கு?

செய்து பாருங்கள்

மணிக்கட்டில் கட்டைவிரலின் பக்கமாக இரண்டு விரல்களை வைத்து நாடியைத் தொட்டுப் பாருங்கள். ஒரு நிமிடத்தில் எத்தனை துடிப்பு என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். வகுப்பில் எழுந்து பேச வேண்டிய நாளில், உங்கள் முறை வருவதற்குச் சற்று முன் மறுபடி எண்ணுங்கள். எத்தனை கூடியிருக்கிறது?

இப்போது மூச்சை மெதுவாக உள்ளே இழுத்து, அதைவிட மெதுவாக வெளியே விடுங்கள். ஐந்து நிமிடம் இப்படிச் செய்துவிட்டு மீண்டும் எண்ணுங்கள். மூச்சு நீண்டு வெளியேறும்போது வேகஸ் என்னும் நரம்பு இதயத்துக்குக் கடிவாளம் போடுகிறது. பெரும்பாலோருக்கு எண்ணிக்கை இறங்கும்.

அப்படியும் கொஞ்சம் படபடப்பு மிச்சம் இருக்கிறதா? இருக்கட்டும். 2010-இல் வெளியான ஓர் ஆய்வில், பட்ட மேற்படிப்பு நுழைவுத் தேர்வுக்கு ஆயத்தம் செய்த அமெரிக்க மாணவர்களில் ஒரு பகுதியினரிடம் 'படபடப்பு தேர்வைக் கெடுக்காது. உதவவும் கூடும்' என்று சொல்லி வைத்தார்கள். அவர்கள் கணக்குப் பகுதியில் மற்றவர்களைவிடக் கூடுதல் மதிப்பெண் பெற்றார்கள். கல்லீரல் அனுப்பிய சர்க்கரையும் இதயம் அனுப்பிய இரத்தமும் உங்களுக்காக வந்தவை. வந்த உதவியை ஏற்றுக்கொண்டு பேனாவைத் திறவுங்கள்!